கப்பல் நேரம்

முதலில், நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. நன்றி. காகிதம் கொஞ்சம் மெல்லியது என்பதால் ஒரு பக்கம் மட்டுமே எழுதுகிறேன். பக்க எண்ணை வலது மூலையில் போட்டிருக்கிறேன்.

பேசுவதைவிட எழுதினால் எனக்குத் தெளிவாக வரும் என்று நேற்று சொன்னேன். நீங்கள் மறுக்காதது பெருந்தன்மை. நான் படித்த பள்ளியில் மொத்தமே நூற்றுப் பத்துப் பேர். இங்கிருந்து படகில் ஒரு பகல் தூரம் தெற்கே போனால் வரும் மீன்பிடி ஊர் அது. டோர்விக் டீச்சர் வெள்ளிக்கிழமை மதியங்களில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுப்பார். எழுதியதை அடிக்கவே கூடாது என்பதில் அவர் கண்டிப்பு. பிழை வந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். கடிதம் முடிந்து கையெழுத்தும் போட்ட பிறகு, கீழே, எந்தப் பக்கத்தில் எந்த இடம் என்று சொல்லித் திருத்தத்தை எழுத வேண்டும். "அடிச்சா மறைச்ச மாதிரி, திருத்தினா ஒத்துக்கிட்ட மாதிரி" என்பார். ஐம்பது வருடமாக நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

உங்கள் விசாரணையில் கேள்வி ஒன்றே ஒன்று. ஆர்டிஸ் வீசர் என்ற அம்மாள் கப்பலில் தன் அறையில் தனியாக இருக்கிறார் என்பது எனக்கு எப்போது தெரிந்தது? அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. அவருடைய கணவரைத்தான் தெரியும். ஒரு நாள் மதியமும் மாலையும், மறுநாள் காலையும். இருந்தாலும் கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டுமானால் கடிகாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊரில் துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் இரண்டு கடிகாரங்கள் தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் கீழ் 'ஊர்', மற்றதன் கீழ் 'கப்பல்'. தெற்கே சியாட்டிலில் புறப்படும் கப்பல்களில் சில, அலாஸ்காவுக்குள் வந்த பிறகும் தம் கடிகாரத்தை மாற்றிக்கொள்வதில்லை. அங்கே மணி நான்கு என்றால் இங்கே மூன்று. பயணிகளின் கைபேசி கரையில் கால் வைத்ததும் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் மாறாது. கோடைக்குப் பத்துப் பேராவது கம்பளித் தொப்பியும் சால்மன் மீன் டப்பாவும் வாங்கிய பையோடு துறையின் முனையில் நின்று, போகிற கப்பலைப் பார்ப்பார்கள். எங்கள் பேச்சிலும் அது ஏறிவிட்டது. கல்யாணத்துக்கு யாராவது தாமதமாக வந்தால், "என்னப்பா, கப்பல் நேரத்த மறந்துட்டியா?" என்று கேட்போம்.

இங்கிருந்து வெளியே போகச் சாலை கிடையாது. நாற்பது மைல் ஓடிவிட்டு, ஒரு பலகைக்கு முன்னால் சாலை நின்றுவிடும். கப்பலைத் தவறவிட்டவர்கள் மறுநாள் விமானத்தில்தான் அடுத்த துறைக்குப் போக வேண்டும். அன்று மாலை அவர்களுக்கு எங்காவது ஒரு கட்டில் வேண்டும்.

என் அண்ணன் ஐனார் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. முப்பத்திரண்டு வருடம் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவன் அதிகம் பேச மாட்டான். ஆனால் சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பான். அவன் போன பிறகும் உருளைக்கிழங்கை எடுத்தால் கை இருவருக்குத்தான் எடுக்கும். முதல் குளிர்காலத்தில் அதை ஒரு குறையாக நினைத்தேன். பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருடம் உரிமம் வாங்கி, என் பழைய காரில் பயணிகளைச் சுற்றிக்காட்ட ஆரம்பித்தேன். பேருந்துக்காரர்கள் ஐம்பது ஐம்பது பேராக அள்ளிக்கொண்டு போவார்கள். சட்டையில் எண் ஒட்டிவிடுவார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணுவார்கள். கப்பலே விற்கும் சுற்றுலா அது. பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். என்னைப் போன்ற வெளியாட்களுக்காகக் காத்திருக்காது. அதை யாருக்கும் நான் மறைத்ததில்லை. என் பலகையில் இப்படி எழுதியிருக்கும்: 'தனியாக வந்தவர்களுக்கு மட்டும். ஒரு நாளைக்கு ஒருவர்.'

இவ்வளவு பெரிய கப்பலில் தனியாக வருகிறவர்கள் இருக்கிறார்களா என்று நீங்கள் கேட்டீர்கள். இருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் அவர்களைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். படம் எடுக்கச் சொல்லி மற்றவர்கள் கேமராவை இவர்கள் கையில்தான் கொடுப்பார்கள்.

ஐனாரின் படகில் இருந்த பித்தளைக் கடிகாரத்தை என் காரின் முன்பலகையில் திருகி வைத்திருந்தேன். சாவி கொடுத்து ஓட்டும் கடிகாரம். கண்ணாடியைக் கதவுபோலத் திறந்து முள்ளைக் கையால் தள்ளலாம். அதை எப்போதும் கப்பல் நேரத்தில் வைத்திருப்பேன். ஆள் ஏறியதும் இதைத்தான் சொல்வேன்: "உங்க போனைப் பாக்காதீங்க, அது ஊர் நேரம். இதப் பாருங்க, இதுதான் கப்பல் நேரம்." எங்கள் ஊரில் யாரும் சொல்லும் நல்ல புத்திமதி அது. கேட்டவர்கள் எல்லோரும் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே தவறுதான். சாஸ்கடூனிலிருந்து வந்த மிஸ் ஹோலோவே, பல் மருத்துவமனையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று காலை நான் சாவி கொடுக்க மறந்துவிட்டேன். கடிகாரம் வழியில் நின்று போனதை இருவரும் கவனிக்கவில்லை. துறைக்கு வந்தபோது கப்பல் இல்லை. அவர் முதலில் அழுதார். பிறகு என் வீட்டில் மீன் உருண்டை சாப்பிட்டார். ஐனார் அறையில் படுத்தார். காலையில் காப்பி குடிக்கும்போது, "இந்தப் பயணத்துல என் பேரச் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார். விமானச் சீட்டுக்கு நானே பணம் கட்டினேன். நான்கு கிறிஸ்துமஸ் வரை அவரிடமிருந்து அட்டை வந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது கோடையில் ஆறு பேர். ஒவ்வொருவரிடமும் ஏறும்போதே, "கப்பல்ல உங்களுக்காக யாராவது காத்திருக்காங்களா?" என்று கேட்டுவிடுவேன். இல்லை என்றவர்கள்தான் அந்த ஆறு பேரும். இருக்கிறார்கள் என்றவர்களைச் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். உங்கள் கோப்பில் இதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

முறை எளியது. பனியாறு தெரியும் இடத்தில் காரை நிறுத்துவேன். அங்கிருந்து அருவி வரை மரங்களுக்கிடையே நடைபாதை போகும். அவர்கள் நடந்துவிட்டு வரும்வரை நான் காரில் இருப்பேன். போகும்போது மணி ஒன்று என்றால், திரும்பி வரும்போதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி முள்ளை ஒரு சுற்றுப் பின்னால் தள்ளிவிடுவேன். பெரிய முள் இருந்த இடத்துக்கே வந்துவிடும். அந்தப் பனியின் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு எவ்வளவு நேரம் போனது என்று ஒருபோதும் தெரியாது. "இவ்வளவுதான் ஆச்சா?" என்று சந்தோஷப்படுவார்கள். நான் அவர்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் கொடுத்தேன் என்றே நினைத்துக்கொள்வேன்.

இப்போது திரு. வீசர்.

ஜூலை பதினான்கு, செவ்வாய். தூறல். கப்பல் நேரம் பன்னிரண்டரை. நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஹார்லன் வீசர், எழுபத்தெட்டு வயது, சோளம் பயிரிட்டவர், என் பலகைக்கு முன்னால் நின்று இரண்டு தடவை படித்தார். தொப்பியைக் கழற்றினார்.

"தனியா வந்தவங்களுக்கு மட்டும்தானா அம்மா?"

"ஆமா சார். நீங்க தனியா வந்திருக்கீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "தனியாத்தான்" என்றார்.

நாலு மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும், நாலரைக்குப் புறப்பாடு என்று அவரே சொன்னார். கைபேசி கொண்டுவரவில்லை. இடது மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, ஒரு பட்டைபோலத் தெரிந்தது. நான் கேட்கவில்லை. காரில் ஏறியதும் பித்தளைக் கடிகாரத்தைப் பார்த்து, "கப்பல் நேரமா?" என்றார். ஆமாம் என்றேன். அப்போது அது உண்மை.

நல்ல மனிதர். பேச்சு அவருக்குள் நிறைய அடைந்து கிடந்தது. "எங்க பக்கம் மலைன்னா சோளக் கிடங்குதான். ஏறி நின்னா மூணு ஜில்லா தெரியும்" என்றார். நான் நிதானமாக ஓட்டுவதைப் பார்த்து, "அம்மா, நீங்க ஓட்டற ஓட்டத்துக்கு அந்தப் பனி நம்மள முந்திடும் போலிருக்கே. அது வருஷத்துக்கு எத்தன அடி போகுதாம்?" என்று கேட்டார்.

"முன்னால போகல சார். பின்னால போய்க்கிட்டிருக்கு."

"அப்ப உங்களுக்குச் சரியான ஜோடி" என்றார்.

நான் சிரித்தேன். கார் ஓட்டிக்கொண்டே அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த இருபத்தைந்து நிமிடப் பயணத்தில் ஆறு தடவை மணி கேட்டார். பயணிகளில் இப்படிப் பதற்றப்படுகிறவர்கள் உண்டு. பனியாற்றுக்கு வந்ததும் காரை நிறுத்தினேன். அவர் உடனே இறங்கி, நடைபாதையில் நடந்து போய்விட்டார். மரங்களுக்குள் அவர் தொப்பி மறைந்ததும் நான் கண்ணாடியைத் திறந்து முள்ளைத் தள்ளினேன்.

அவர் திரும்பி வந்தபோது கப்பல் நேரம் மூன்று. ஓட்டமும் நடையுமாக வந்தார். முகம் வெளிறியிருந்தது. "பெஞ்சுல உக்காந்தேன். அப்படியே தூங்கிட்டேன் போல. மணி என்ன அம்மா, மணி என்ன?"

கடிகாரத்தைக் காட்டினேன். இரண்டு.

அவருடைய தோள் இரண்டும் இறங்கியதைப் பார்த்தேன். காரின் மேற்கூரையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "ரெண்டு மணி நேரம் தூங்கின மாதிரி இருக்கு. இப்படித் தூங்கி எத்தன நாளாச்சு" என்றார். ஒரு மனிதருக்கு நிம்மதி கொடுப்பது எவ்வளவு எளிது என்று அப்போது நினைத்தேன்.

இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லி, சால்மன் ஏறும் ஓடைக்குக் கூட்டிப்போனேன். கழுகு உட்காரும் மரத்தைக் காட்டினேன். கடலைப் பார்த்த சின்ன மரத் தேவாலயத்துக்குப் போனோம். அங்கே வாசலில் விற்கும் தபால் அட்டையில் ஒன்றை எடுத்தார். பிறகு அதே மாதிரி இன்னொன்றையும் எடுத்தார். ஒரே அட்டை எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை.

துறைக்கு இறங்கும் சாலையில் மீன் ஆலைக்கு மேலே ஒரு வளைவு உண்டு. அங்கிருந்து கடல் கால்வாய் முழுக்கத் தெரியும். வளைவுக்கு வந்தபோது என் கடிகாரத்தில் மூன்றே முக்கால். கப்பல் மூக்கைத் தெற்கே திருப்பி, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"அது நம்ம கப்பல் இல்லையே?"

"அதுதான் சார்."

"நாலுகூட ஆகலையே அம்மா."

"கடிகாரம் பின்தங்கியிருக்கு சார். என் தப்புதான். பொறுத்துக்கணும்."

வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் சத்தம் போடுவார்கள், அல்லது என்னைத் திட்டுவார்கள். இரண்டும் சீக்கிரம் அடங்கிவிடும். திரு. வீசர் இரண்டையும் செய்யவில்லை. கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஆர்டிஸ் உள்ள இருக்கா" என்றார்.

பிறகு சொன்னார். மனைவிக்கு மறதி நோய். இரண்டு வருடமாக. கப்பலில் ஏற விடமாட்டார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. பனியாற்றைக் காட்டுவதாகக் கல்யாணமான வருடம் அவளுக்கு வாக்குக் கொடுத்தவர். வந்த பிறகு அவளால் இறங்க முடியவில்லை. கூட்டத்தைப் பார்த்து நடுங்கினாள். ஆகவே மதியம் சாப்பிட வைத்து, கைபேசியில் பழைய நாய்க்குட்டியின் படங்களைப் போட்டுக் கொடுத்து, தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"என் வாட்ச்சை அவ கையில கட்டிவிட்டேன். சின்ன முள்ளு நாலுக்கு வந்தா நான் வந்து கதவத் தட்டுவேன்னு சொன்னேன். வேற எதுவும் அவ மனசுல நிக்காது. இது நிக்கும். வாட்ச்சையே பாத்துக்கிட்டிருப்பா. நாலு தாண்டிட்டா என்ன தேடி வெளிய வந்துடுவா அம்மா. யாராவது போய் அவகூட உக்காரணும். கப்பலுக்குச் சொல்லுங்க. அது போதும். நான் எப்படியாவது போய்ச் சேந்துக்கறேன்."

மழை வலுத்திருந்தது. நீங்கள் காரிலேயே இருங்கள், நான் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஆலைக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டுத் துறைக்கு இறங்கினேன்.

ரோமியை உங்களுக்குத் தெரியும். கப்பல்களின் கரை வேலைகளைப் பார்க்கிறவன். யாராவது தங்கிப் போனால் அவர்களுடைய பாஸ்போர்ட்டைக் கப்பலில் இருந்து வாங்கி வைத்துக்கொண்டு மஞ்சள் மழைக்கோட்டோடு நிற்பான். அவனுடைய குடும்பம் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிறது. பார்க்கிறவர்களையெல்லாம் கிண்டல் செய்வான். மனதில் ஒன்றும் கிடையாது.

"என்ன கேப்டன், இன்னொரு அனாதையா?"

"ஒருத்தர்தான் ரோமி."

"உங்க வீட்டுக்கு அஞ்சு நட்சத்திரம் குடுக்கணும். பாருங்க, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் ஹோட்டல்காரனுங்க எல்லாம் சேந்து உங்கமேல கேஸ் போடப்போறானுங்க. அந்தக் கடிகாரத்தத் தூக்கிக் கடல்ல போடுங்கன்னு எத்தன வருஷமா சொல்றேன்."

"அது ஐனாரோடது."

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க." உறையை நீட்டினான். "சம்சாரம் கப்பல்லயே இருக்காங்களாம். கப்பல் பையன் பாஸ்போர்ட் எடுக்கப் போனப்ப அழகா டிரஸ் பண்ணி, கைப்பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். 'வீட்டுக்காரர் இப்ப வந்துடுவார்'னு சிரிச்சாங்களாம். ரொம்ப மரியாதையான அம்மான்னு அந்தப் பையன் சொன்னான். கப்பலுக்கு ஏதாச்சும் சொல்லணுமா? ரேடியோ கையிலதான் இருக்கு."

"ஒண்ணும் இல்ல ரோமி" என்றேன்.

இதைப் பற்றி நேற்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். ரோமியிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. ஒருவருடைய மனைவிக்கு மறதி நோய் என்பது அவர்கள் வீட்டு விஷயம். அதைத் துறையில் நின்று மழையில் கத்துவது முறையில்லை. வீட்டில் போன் இருக்கிறது, உட்கார்ந்து நிதானமாக நானே கப்பலுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

திரு. வீசரிடம், சொல்லியாயிற்று, மேற்கொண்டு வீட்டிலிருந்து பேச வேண்டும் என்றேன். பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தபோது ஊர் நேரம் நாலரை. அவருடைய ஈரக் கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் போட்டேன். சமையலறைச் சுவரில் இருக்கும் போனை எடுத்து எண்களை அழுத்தினேன். அவர் பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு நிமிடம் பேசினேன். அறை எண்ணைச் சொன்னேன். அந்த அம்மாளின் நோயைச் சொன்னேன். கையில் கட்டிய வாட்ச்சைப் பற்றியும் சொன்னேன். ஒரு நர்ஸ் அறைக்குப் போயிருக்கிறார், பக்கத்திலேயே இருப்பார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

"நான் ஒரு வார்த்தை பேசறேனே. என் குரலக் கேட்டா போதும் அவளுக்கு."

"லைன் போயிடுச்சு சார். கப்பல் மலைக்குப் பின்னால போனா இப்படித்தான்."

"நர்ஸ் நல்ல மாதிரியா?"

"குரல் ரொம்ப நல்லா இருந்தது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். பிறகு எழுந்து முகம் கழுவினார். சமைக்க என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்.

ஹாலிபட் மீனை வெண்ணெயில் வறுத்தேன். உருளைக்கிழங்கு வேகவைத்து வோக்கோசுக் கீரை தூவினேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கப்பலின் நான்காம் தளத்துக் கேமராவில் அந்த அம்மாள் கடைசியாகத் தெரிவது ஏழு பத்துக்கு என்று நீங்கள் சொன்னீர்கள். கைப்பையை மாட்டிக்கொண்டு, வாட்ச்சைக் காதில் வைத்துக் கேட்டபடி, பின்பக்கத்துத் திறந்த தளத்தை நோக்கி நடக்கிறாராம். அது கப்பல் நேரம். எங்களுக்கு ஆறு பத்து. அப்போது நாங்கள் மேசையில்தான் இருந்தோம். அவர் தன் அப்பாவின் கிடங்குக்குள் பக்கத்து வீட்டுக்காரரின் பன்றி புகுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஒரு தடவை பேச்சை நிறுத்தி, "இந்நேரம் அவ சாப்பிட்டிருப்பா இல்ல?" என்று கேட்டார்.

"சூப் குடிச்சிருப்பாங்க" என்றேன்.

"சூப்னா பிடிக்கும் அவளுக்கு" என்றார்.

ஐனாரின் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தேன். சீக்கிரமே படுக்கப் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் மூச்சு விடும் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு நான் இதை விளக்க முடியாது.

காலையில் விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்களாலதான் நேத்து நிம்மதியாத் தூங்கினேன் அம்மா" என்றார். அடுத்த ஊரில், விமானத்தின் படிக்குக் கீழேயே, அவருக்காக இருவர் நின்றிருந்ததாக உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாளை இரண்டு நாள் தேடினார்கள் என்றும் சொன்னீர்கள். எங்கள் கடலைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவருக்கு மூன்று கடிதம் எழுதினேன். நகல்கள் என் அலமாரியில் இரண்டாம் தட்டில் உள்ளன. பதில் வரவில்லை. தேவாலயத்தில் வாங்கிய அட்டைகளில் ஒன்றை என் மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறார். அதை அனுப்ப வேண்டும். முகவரி சரிதானா என்று பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ராக்னா ஹெல்லண்ட்

திருத்தங்கள்:

போன் பேசியதைப் பற்றி நான் எழுதியிருக்கும் பக்கத்தில், 'கப்பலோடு' பேசியதாகப் பொருள் வரும். போன் கம்பெனியின் தாள் உங்கள் மேசையில் இருந்ததைப் பார்த்தேன். நான் அழுத்தியது நேரமும் வெளியே எத்தனை டிகிரி என்பதும் சொல்லும் எண். ஐனார் காலத்திலிருந்து எனக்கு மனப்பாடம். குளிர்காலத்தில் சில நாள் நான் அதைக் கூப்பிடுவதுண்டு. பதிவு செய்த பெண் குரல். மணி நாலு முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் என்று சொன்னது. நான் அறை எண்ணைச் சொன்னேன். நாலு முப்பத்தொன்பது என்றது. குரல் ரொம்ப நன்றாக இருந்தது என்று அவரிடம் சொன்னது மட்டும் பொய்யில்லை.

பனியாற்றுக்கு வந்ததும் அவர் 'உடனே இறங்கி' நடந்துவிட்டதாக எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலை வெளியே வைத்தபடி, பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஆர்டிஸைப் பற்றி அப்போதே சொன்னார். வாட்ச், நாய்க்குட்டிப் படங்கள், கதவில் மாட்டிய அட்டை எல்லாம். வளைவில் சொன்னது இரண்டாம் தடவை.

"உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் அம்மா. பலகையில தனியான்னு போட்டிருந்தது. ஆனா அது முழுப் பொய்யும் இல்ல. ரெண்டு வருஷமா, அவ பக்கத்துல படுத்திருக்கறப்பக்கூட, நான் தனியாத்தான் இருக்கேன்" என்றார். பிறகு மரங்களைப் பார்த்தார். "போகவா, இல்ல இப்பவே திரும்பிடலாமா? நீங்க சொல்லுங்க."

"போய்ட்டு வாங்க சார். நேரத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: கப்பல் நேரம் ஒரு மணிக்கு எனக்குத் தெரியும். முள்ளைத் தள்ளியது அதற்குப் பிறகு. இரண்டு மணி நேரம் கழித்து அவர் ஓடி வந்து மணி கேட்டபோதும், முள்ளை முன்னால் தள்ளியிருந்தால் அவரை நாலு மணிக்கு அந்தக் கதவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம். அந்தக் கணக்கையும் அப்போதே போட்டுப் பார்த்தேன். ஆனால் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே இருவருக்கான உருளைக்கிழங்கை உரித்துத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்திருந்தேன். அதோடு, தனியாக இருப்பதாக அவரே தன் வாயால் சொன்னார். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அந்தப் பலகை. எனக்குத் தெரிந்தவரை, அன்று மாலை யாரும் தனியாக இல்லை.